ஹெல்டைவர்ஸ் 2: புது மேஜர் ஆர்டர் வந்தால் எங்கே இறங்குவது என்று ஸ்க்வாடில் பேசி முடிப்பது எப்படி

நாலு பேர் சேர்ந்து ஆடும் ஷூட்டர் கேமான ஹெல்டைவர்ஸ் 2-ல் எந்த ஸ்க்வாடை (அந்த நாலு பேர் குழுவை) எடுத்தாலும் இந்தச் சண்டை நடக்கும். புது மேஜர் ஆர்டர் (ஆடுகிற எல்லோருக்கும் பொதுவான கட்டளை) வந்திருக்கும், நாலு பேரும் லாபியில் இருப்பார்கள், ஒருவன் "மச்சி, நான் பூச்சிதான் அடிப்பேன், பாட் பக்கம் கூப்பிடாதே" என்பான் (பாட் என்றால் இயந்திர எதிரி), இன்னொருவன் கவசம் உடைக்கும் ரீகாயில்லெஸ் ரைபிளை மாட்டிக்கொண்டு தயாராக நிற்பான், மூன்றாமவன் எதுவானாலும் சரி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். அரை மணி நேரம் இப்படியே போகும். கடைசியில் பொறுமை இழந்து, மேப்பில் முதலில் கண்ணில் பட்ட கிரகத்தில் இறங்கிவிடுவார்கள், அது பெரும்பாலும் ஆர்டருக்குச் சம்பந்தமே இல்லாத கிரகமாக இருக்கும்.

இந்தப் பேச்சு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், இந்த கேமின் உயிரே இந்தப் பேச்சில்தான் இருக்கிறது. வரிசைதான் தப்பு. எல்லோரும் துப்பாக்கியில் ஆரம்பிக்கிறார்கள், அப்புறம் எந்த எதிரி என்று போகிறார்கள், ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். இதை அப்படியே தலைகீழாக்குங்கள்: முதலில் ஆர்டர், அடுத்து மேப் கணக்கு, அடுத்து ஆபரேஷன் (சில மிஷன்கள் சேர்ந்த தொகுப்பு), கடைசியில் லோட்அவுட் (எடுத்துப்போகும் ஆயுதங்கள்). இந்த வரிசையில் பேசினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், யாருக்கும் மனஸ்தாபமும் இருக்காது.

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. இது ஸ்வீடனைச் சேர்ந்த ஆரோஹெட் உருவாக்கிய கேம், 2024 பிப்ரவரி 8 அன்று பிளேஸ்டேஷன் 5-க்கும் கம்ப்யூட்டருக்கும் வந்தது, 2025 ஆகஸ்டில் எக்ஸ்பாக்ஸிலும் வந்தது. உலகம் முழுக்க ஆடுகிற எல்லோருக்கும் ஒரே போர், ஒரே கேலக்டிக் மேப். சூப்பர் எர்த்தின் எதிரிகள் மூன்று: பூச்சிகளான டெர்மினிட், இயந்திரங்களான ஆட்டோமேட்டன், 2024 டிசம்பரில் திரும்பி வந்த இல்லுமினேட். இந்தப் போரை நடத்த ஆரோஹெட்டில் ஜோயல் என்ற கேம் மாஸ்டர் இருக்கிறார். அங்கிருந்து சில நாட்களுக்கு ஒருமுறை வரும் கூட்டுக் கட்டளைதான் மேஜர் ஆர்டர். எல்லோரும் சேர்ந்து முடித்தால் எல்லோருக்கும் மெடல், சில சமயம் புது ஆயுதம். தோற்றாலும் எல்லோருக்கும்தான் தோல்வி, அதற்கேற்பக் கதை மாறும், மேப்பும் மாறும்.

முதலில் ஆர்டரை முழுதாக வாசியுங்கள்

ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். கேம் தமிழில் கிடையாது, டிஸ்பாட்ச் (கேமில் வரும் போர்ச் செய்தி) எல்லாம் ஆங்கிலத்தில் அலங்காரமாக எழுதியிருக்கும், அதனால் ஸ்க்வாடில் பாதிப் பேர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். வாசிப்பவர் தமிழில் இரண்டே வரியில் சொல்ல வேண்டும்: எதைச் செய்தால் வெற்றி, எப்போது முடிகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. கிரகத்தை விடுவிக்கச் சொல்லும் பல ஆர்டர்களில், நேரம் முடியும்போது அந்தக் கிரகம் நம் கையில் இருக்க வேண்டும் என்றுதான் நிபந்தனை. இடையில் விடுவித்து, கடைசி நாளில் எதிரி பிடித்துக்கொண்டால் அது கணக்கில் வராது. ஆகவே "அதைத்தான் நேற்றே முடித்துவிட்டோமே" என்று யாராவது சொன்னால், இன்னும் முடியவில்லை என்று புரியவையுங்கள், அந்தக் கிரகத்தைச் சுற்றி எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனை கோடி எதிரிகளைக் கொல்லுங்கள் என்ற ஆர்டரில் பெரும்பாலும் கிரகம் முக்கியமில்லை, அந்த இனத்து எதிரி இருக்கும் எந்த இடமும் சரிதான். அப்போது விவாதமே தேவையில்லை, அலை அலையாக எதிரி வந்து விழும் எராடிகேட் மாதிரி மிஷனாகப் பார்த்துப் போங்கள், நேரத்துக்கு அதிகக் கணக்கு சேரும். சாம்பிள் (மிஷனில் பொறுக்கி எடுக்கும் மாதிரிகள்) சேகரிக்கும் ஆர்டர் என்றால் பேச வேண்டியது கிரகத்தைப் பற்றி அல்ல, எப்போது கிளம்புவது என்பதைப் பற்றி. சாம்பிளோடு யாராவது ஷட்டிலில் ஏறினால்தான் அது கணக்கு, கடைசி நிமிடம் வரை சுற்றிக்கொண்டிருந்து எல்லோரும் செத்தால் மொத்தமும் போச்சு. ஒருவர் பொறுக்கினாலும் நாலு பேருக்கும் சேரும், எனவே எல்லாச் சாம்பிளையும் ஒருவரிடம் கொடுத்து அவரைப் பத்திரமாக ஏற்றி அனுப்பும் வழக்கத்தை முதலிலேயே பேசி வையுங்கள்.

மிச்சமிருப்பவை விடுவிப்பதும் காப்பதும். சண்டை வருவது இவற்றில்தான்.

மேப் கணக்கு

கிரகத்தை விடுவிப்பதற்கும் காப்பதற்கும் கணக்கு வேறு. இது புரிந்தாலே பாதி விவாதம் அடங்கிவிடும்.

விடுவிக்கும் கிரகத்தில் நாம் ஏற்றும் சதவீதத்தை எதிரி ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே இருப்பான். ஆட்கள் குறைவாக இருந்தால் நாள் முழுக்க அடித்தாலும் அதே இடத்தில் நிற்கும், இல்லையென்றால் கீழே போகும். எனவே "60 சதவீதம் வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான்" என்ற பேச்சுக்கு அர்த்தமே இல்லை, அது எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதுதான் கேள்வி. வேகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். இப்போது சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு மிஷன் ஆடிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். 60-ல் இருந்து 61.2 ஆகியிருந்தால் மணிக்கு 1.2. மிச்சம் 38.8 சதவீதம், அதை 1.2 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 32 மணி நேரம். ஆர்டர் முடிய 30 மணி நேரம்தான் இருக்கிறது என்றால் இந்த வேகத்தில் நடக்காது, வேறு எங்கிருந்தாவது ஆட்கள் வந்தால்தான் உண்டு. ரசிகர்கள் நடத்தும் கண்காணிப்புத் தளங்கள் இந்த வேகத்தைத் தயாராகவே காட்டும், ஒருவர் போனில் அதைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

காக்கும் கிரகத்தில் இந்த இறக்கம் கிடையாது. நாம் ஏற்றியது ஏற்றியதுதான். ஆனால் எதிரியின் கோடு கடிகாரத்தோடு சேர்ந்து நிரம்பிக்கொண்டே வரும், அது நிரம்புவதற்குள் நம் கோடு நிரம்ப வேண்டும். 24 மணி நேரப் படையெடுப்பில் 6 மணி நேரம் போயிருந்தால் கால் பங்கு நேரம் போய்விட்டது. நம் கோடு 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜெயிக்கும் பாதையில் இருக்கிறோம், 12 என்றால் தோற்கும் பாதையில் இருக்கிறோம். இதற்கு எந்தத் தளமும் வேண்டாம், மேப்பில் இரண்டு கோடுகளையும் பார்த்தாலே தெரியும்.

அடுத்து ஆட்களின் பங்கு. ஒரு ஆபரேஷனால் கிரகத்துக்கு எவ்வளவு ஏறும் என்பது அந்த நேரத்தில் மொத்தம் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும்படி ஆரோஹெட் வைத்திருக்கிறது. கூட்டம் அதிகமாக இருக்கும்போது ஒவ்வொரு ஸ்க்வாடின் பங்கும் சிறிதாகும், கூட்டம் குறையும்போது பெரிதாகும். ஆகவே "வார நாளில் யாருமே இல்லை, நாம் ஆடி என்ன ஆகப்போகிறது" என்ற வாதம் செல்லாது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, இருப்பவர்களில் எத்தனை பங்கு பேர் ஒரே கிரகத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் மேப்பை நகர்த்துகிறது. பாதிப் பேர் ஒரு கிரகத்தில் குவிந்தால் அது நகரும். அதே பாதிப் பேர் மூன்று கிரகங்களில் பரவினால் மூன்றுமே நிற்கும். எங்கே இறங்குவது என்று சந்தேகம் வந்தால், ஆர்டரில் இருக்கும் கிரகங்களில் ஏற்கெனவே அதிகம் பேர் இருக்கும் கிரகத்துக்குப் போங்கள். யாரும் இல்லாத கிரகத்தை நாலு பேர் போய்க் காப்பாற்றுவது கேட்க நன்றாக இருக்கும், மேப்பில் எதுவும் நடக்காது.

சப்ளை லைனையும் பாருங்கள். கிரகங்களை இணைக்கும் அந்தக் கோடுகள் ஆரம்பத்தில் மேப்பில் தெரியாது, 2024-ல் ஒரு அப்டேட்டில்தான் காட்டத் தொடங்கினார்கள், அதற்கு முன்னால் நடந்த வாதங்களில் பாதி இதனால்தான் முட்டுச்சந்தில் நின்றது. நம்மிடம் உள்ள கிரகத்தோடு கோடு இருந்தால்தான் எதிரி கிரகத்தில் இறங்க முடியும். அந்த வழிக் கிரகம் பறிபோனால், நாம் 80 சதவீதம் முடித்து வைத்திருந்த கிரகத்துக்கும் வழி அடைபட்டுவிடும். எனவே ஆர்டரில் பெயரே இல்லாத ஒரு கிரகத்தைக் காப்பதுதான் சில சமயம் சரியான முடிவு. "அது ஆர்டரில் இல்லையே" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். கோட்டைக் காட்டுங்கள், வேறு பேச்சு வேண்டாம்.

கேம்பிட்: ஆசையாகத்தான் இருக்கும், கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்

எதிரி ஒரு கிரகத்திலிருந்து பக்கத்துக் கிரகத்தின் மேல் படையெடுக்கிறான். படை கிளம்பிய அந்தக் கிரகத்தையே நாம் விடுவித்துவிட்டால், படையெடுப்பு அதோடு முடிந்துவிடும், காக்க வேண்டிய கிரகமும் தானாகக் காப்பாற்றப்படும். ஒரே அடியில் இரண்டு கிரகம். ஆடுபவர்கள் இதைத்தான் கேம்பிட் என்கிறார்கள், மேஜர் ஆர்டர் விவாதங்களில் அதிகமாகச் சூடு கிளப்புவதும் இதுதான்.

எப்போது சரி? ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். படையெடுப்பு 24 மணி நேரம், அதில் 10 போய்விட்டது, நம் காப்புக் கோடு 12 சதவீதத்தில் நிற்கிறது. நேராகக் காத்தால் தோல்விதான். படை கிளம்பிய கிரகம் 55 சதவீதத்தில் இருக்கிறது, மணிக்கு 4 ஏறுகிறது. மிச்சம் 45, அதற்கு 11 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நம்மிடம் 14 மணி நேரம் இருக்கிறது. போகலாம், தைரியமாகப் போகலாம். இதே கிரகம் மணிக்கு 2 மட்டுமே ஏறினால் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அப்போது கேம்பிட் என்று கிளம்பினால் காக்க வேண்டியதும் போய், பிடிக்க வந்ததும் கிடைக்காமல், இரண்டையும் இழப்போம். இன்னொன்றும் இருக்கிறது, தாக்கப்படும் கிரகம்தான் எதிரி கிரகத்துக்கு நமக்கிருக்கும் ஒரே வழி என்றால் அது விழுந்த நொடியே நம் முன்னேற்றமும் போய்விடும்.

என் கருத்து என்னவென்றால், கேம்பிட் தொடங்குவதற்குச் சரியான நேரம் படையெடுப்பின் ஆரம்பம். பாதி நேரம் போன பிறகு யோசனை வந்தால் ஏற்கெனவே அங்கே பெரிய கூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டம் இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் காக்கும் பக்கமே நில்லுங்கள். கூட்டம் இரண்டாகப் பிரிவதுதான் எல்லாவற்றிலும் மோசம், பாதிப் பேர் காத்து, பாதிப் பேர் கேம்பிட் ஆடி, இரண்டுமே கொஞ்சத்தில் தவறிப்போவதைப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும்.

இதா அதா என்று கேட்கும் ஆர்டர்கள்

சில ஆர்டர்கள் கணக்கில் அடங்காது. இரண்டு கிரகத்தைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். 2024-ல் இப்படித்தான் சூஹேவா பென்டாவா என்று கேட்டார்கள். ஒன்றில் டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடி, மற்றதில் ஏர்பர்ஸ்ட் ராக்கெட் லாஞ்சர். ஆட்கள் ராக்கெட் லாஞ்சரைத் தேர்ந்தெடுத்துப் பென்டாவுக்குப் போனார்கள். அது வெறும் ஆயுத விவாதம், எது உங்கள் ஸ்க்வாடுக்கு அதிகம் உபயோகம் என்று பேசினால் போதும்.

அதே ஆண்டு ஜூனில் வந்தது வேறு மாதிரி. மார்ஃபார்க் கிரகத்தில் அதே கண்ணிவெடிகள் குவிந்து கிடக்கின்றன, வெர்னன் வெல்ஸ் கிரகத்தில் நோயுற்ற குழந்தைகளுக்கான மருத்துவமனையின் இடிபாடுகளில் பொதுமக்கள் சிக்கியிருக்கிறார்கள், ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது. கண்ணிவெடியை எடுத்தால் எல்லோருக்கும் நிரந்தரமாக ஒரு ஆயுதம். குழந்தைகளைக் காப்பாற்றினால் கையில் அப்படி ஒன்றும் வராது, அவர்கள் கேமில் எங்கேயும் ஓடி வந்து நன்றி சொல்லப்போவதும் இல்லை. ஆனாலும் ஆட்கள் குழந்தைகளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆரோஹெட், சேவ் த சில்ட்ரன் அமைப்புக்கு 4,311 டாலர் நன்கொடை கொடுத்தது. கண்ணிவெடியும் பின்னாளில் வந்து சேர்ந்துவிட்டது.

இந்த மாதிரி ஆர்டர் வரும்போது ஸ்க்வாடில் "எதில் லாபம்" என்று மட்டும் பேசாதீர்கள். இந்தப் போரின் கதையை ஆடுபவர்கள்தான் எழுதுகிறார்கள், ஆயுதம் இன்னொரு ஆர்டரில் வரலாம், வெர்னன் வெல்ஸ் மாதிரி ஒரு முடிவு அப்படித் திரும்பி வராது. நாலு பேரும் ஒரு சுற்று சொல்லட்டும், நான் எதைத் தேர்ந்தெடுக்கிறேன், ஏன். எதிர்க்கருத்துச் சொல்பவரைக் குறுக்கிடாமல் முடிக்க விடுங்கள். இரண்டுக்கு இரண்டு என்று நின்றால் ஹோஸ்ட் சொல்வதே முடிவு என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள், எப்படியும் அவர் கப்பலிலிருந்துதான் ஆபரேஷன் தேர்வாகிறது.

பூச்சி மட்டும்தான் அடிப்பேன் என்பவரிடம் எப்படிப் பேசுவது

திட்டாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை முடித்து இரவு ஒன்பது மணிக்கு வந்து ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்குத் தனக்குப் பிடித்த எதிரியை அடிக்க முழு உரிமை உண்டு. பொது அறைகளில் பூச்சி ஆட்களுக்கும் பாட் ஆட்களுக்கும் நடக்கிற வசைப் பரிமாற்றத்தால் யாரும் கட்சி மாறியதாகத் தெரியவில்லை.

மேலவெலான் க்ரீக்கை நினைத்துப் பாருங்கள். கேம் வந்த புதிதில் அந்த இருண்ட காட்டுக் கிரகத்தில் ஆட்டோமேட்டன்களிடம் செத்துச் செத்து, அதை விட்டுப் போகவே மாட்டோம் என்று ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. ஆர்டர் வேறெங்கோ இருக்கும், இவர்கள் க்ரீக்கில்தான் இருப்பார்கள். வீண் பிடிவாதம் என்று அப்போதே பலர் திட்டினார்கள், அந்தத் திட்டிலும் நியாயம் இருந்தது, அத்தனை ஆட்கள் ஆர்டரில் இருந்திருந்தால் சில தோல்விகளைத் தவிர்த்திருக்கலாம். ஆனால் 2024 ஏப்ரலில் க்ரீக் விடுவிக்கப்பட்டபோது ஏப்ரல் 3-ஐ நினைவு நாளாக அறிவித்து, எல்லோருக்கும் ஒரு கேப் (கேமில் முதுகில் அணியும் அங்கி) கொடுத்தார்கள். அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் அந்த நாளும் இல்லை. அடுத்த ஆண்டு மே மாதம் இல்லுமினேட் சூப்பர் எர்த்தின் மேலேயே படையெடுத்தபோது ஈக்வாலிட்டி-ஆன்-ஸீ நகரம் கடைசி வரை விழாமல் நின்றதற்கும் இதே குணம்தான் காரணம், அதைத் தங்கள் ஊராக நினைத்த சீன ஆட்டக்காரர்கள் அங்கிருந்து நகரவே இல்லை.

எனவே உங்கள் பூச்சி நண்பரிடம் எண்ணைக் காட்டுங்கள். "இது மணிக்கு 3 ஏறுகிறது, இன்னும் எட்டு மணி நேரம்தான், இன்றைக்கு மட்டும் வா" என்று சொன்னால் பெரும்பாலும் வருவார்கள். "நீயெல்லாம் ஹெல்டைவரா" என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். பாட் பக்கம் வராததற்குப் பல நேரம் பயம்தான் காரணம், தூரத்திலிருந்து சுட்டு விழுத்துகிறார்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். கடினத்தை இரண்டு படி குறைத்து அழைத்துப் போங்கள், பாறைக்குப் பின்னால் நின்று சுடப் பழகிவிட்டால் அடுத்த வாரம் அவரே கூப்பிடுவார்.

"ஜோயல் எப்படியும் கதைக்குத் தேவையான மாதிரி முடித்துவிடுவார், நாம் எங்கே இறங்கினால் என்ன" என்று ஒரு வாதமும் வரும். கேம் மாஸ்டர் எதிரியின் வேகத்தை ஏற்றி இறக்குவது உண்மைதான். ஆனால் மேஜர் ஆர்டர்கள் பல முறை தோற்றிருக்கின்றன, தோற்றதற்கேற்பக் கதையும் போயிருக்கிறது. முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் மார்ஃபார்க்கா வெர்னன் வெல்ஸா என்று கேட்டிருக்கவே வேண்டியதில்லை.

எந்தக் கடினத்தில், எந்த ஆபரேஷன்

கிரகம் முடிவானதும் அடுத்து இதைத்தான் பேச வேண்டும், பலர் இதைப் பேசாமலே தாவிவிடுகிறார்கள். கிரகத்துக்குப் பங்களிப்பு சேர்வது ஆபரேஷனை முழுதாக முடித்தால்தான். உயர்ந்த கடினங்களில் ஒரு ஆபரேஷனுக்கு மூன்று மிஷன், அதில் இரண்டை ஆடிவிட்டு "நாளைக்கு வேலை இருக்கு, பை" என்று கிளம்பினால் கிரகத்துக்குப் பெரிதாக ஒன்றும் சேராது. எனவே ஆரம்பிக்கும் முன் எல்லோரிடமும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேளுங்கள். வழக்கமான பெரிய மிஷனுக்கு 40 நிமிடம் வரை உண்டு. மூன்று என்றால் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு, பழகிய ஸ்க்வாட் அதைவிடச் சீக்கிரம் முடிக்கும்.

கடினம் ஏற ஏறப் பங்களிப்பும் ஏறும், அதனால் "பத்தில் போகலாம்" என்று ஒருவர் சொல்வார். 2024 ஆகஸ்டில் வந்த அந்தப் பத்தாம் படியில் தோற்று மறுபடி ஆடுவதைவிட ஏழில் மூன்று மிஷனையும் சுத்தமாக முடிப்பது ஆர்டருக்கு நல்லது. நாலு பேர் ஸ்க்வாடில் இருபது ரீஇன்ஃபோர்ஸ்மென்ட், அதாவது செத்தவரைத் திரும்ப இறக்கும் வாய்ப்பு. முதல் மிஷனிலேயே அதில் முக்கால்வாசி தீர்ந்தால் அந்தப் படி உங்களுக்கு அதிகம், கௌரவம் பார்க்காமல் இறங்குங்கள்.

ஒரே கிரகத்தில் பல ஆபரேஷன் இருக்கும், மிஷன் வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 12 நிமிட பிளிட்ஸ் மிஷன் உள்ள ஆபரேஷன் ஆர்டர் நேரத்தில் தங்கம். உங்கள் ஸ்க்வாட் எந்த மிஷனில் எப்போதும் தடுமாறுகிறதோ, அது உள்ள ஆபரேஷனை விட்டுவிடுங்கள், அதே கிரகத்தில் வேறு இருக்கும். வானிலையையும் ஒரு பார்வை பாருங்கள். ஹெல்மயர் மாதிரி நெருப்புச் சூறாவளி அடிக்கும் இடத்தில் ஓரிடத்தில் நின்று காக்கும் திட்டம் எடுபடாது. அயன் புயல் உள்ள கிரகத்தில் அவசரத்துக்கு ஸ்ட்ராடஜம் (வானத்திலிருந்து வரவழைக்கும் ஆயுதமும் தாக்குதலும்) கூப்பிட முடியாத நேரம் வரும்.

லோட்அவுட், கடைசியாக

இப்போது துப்பாக்கியைப் பற்றிப் பேசலாம், ஆனால் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே பட்டியலாகப் பேசுங்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததை எடுத்தால் நாலு ஆட்டோகேனன் இருக்கும், கூட்டத்தைத் துடைக்க ஆள் இருக்காது.

பாட் பக்கம் என்றால் குறைந்தது இருவரிடம் கனரகக் கவசத்தை உடைக்கும் ஆயுதம் வேண்டும், ரீகாயில்லெஸ் ரைபிளோ குவேசார் கேனனோ. ஹல்க் என்ற பெரிய கவச இயந்திரம் வந்தால் கண்ணைச் சுட வேண்டும் என்று புதியவருக்கு இறங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், ஆட்டோகேனனில் அந்தக் கண்ணில் இரண்டு குண்டு போதும். ஸ்ட்ராடஜம் ஜாமர் இருந்தால் அதை முதலில் உடைப்பது யார் என்பதையும் பேசி வையுங்கள், ஜாமர் இருக்கும்போது வானத்திலிருந்து ஒன்றுமே வராது.

பூச்சிக்குக் கூட்டத்தைச் சமாளிக்க நெருப்போ மெஷின் கன்னோ ஒருவரிடம், பைல் டைட்டன், சார்ஜர் ஆகிய பெரிய பூச்சிகளுக்கு ராக்கெட் இன்னொருவரிடம். பூச்சி வெளிவரும் குழிகளை அடைக்க எல்லோரிடமும் கிரனேட் இருக்கட்டும். ஸ்டாக்கர் ஒன்று வந்தால் அதன் கூட்டைத் தேடி அடைக்கும் வரை நிற்காது, எனவே ஸ்டாக்கரைப் பார்த்தவர் உடனே சத்தம் போட வேண்டும். இல்லுமினேட் என்றால் ஷீல்டை உடைக்க வேகமாகச் சுடும் துப்பாக்கிதான் தேவை, கனமான ஒற்றை ராக்கெட்டை ஷீல்டின் மேல் வீணாக்காதீர்கள். வோட்லெஸ் என்ற அவர்களின் சாதாரண ஆட்கள் கூட்டமாக வந்துகொண்டே இருப்பார்கள், மெஷின் கன் ஒன்று கட்டாயம். இறங்கி நிற்கும் கப்பல்களின் ஷீல்டைச் சுட்டுக் கலைத்துவிட்டு வாசலுக்குள் ஒரு கிரனேட் போட்டால் முடிந்தது.

எந்தப் பக்கம் போனாலும் நம் குண்டு நம்மையும் கொல்லும் என்பதை மறக்காதீர்கள். வான் தாக்குதலையும் ஆர்பிட்டல் பேரேஜையும் நாலு பேரும் எடுத்துக்கொண்டு ஒரே இடத்தில் கூப்பிட்டால் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் எல்லாம் அங்கேயே தீரும்.

ஸ்டேஷன் ஓட்டு

2024 நவம்பரில் வந்த டெமாக்ரசி ஸ்பேஸ் ஸ்டேஷன் எந்தக் கிரகத்துக்கு நகர வேண்டும் என்பதை எல்லோரும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்கிறோம், அதன் நடவடிக்கைகளைத் தொடங்குவதும் நாம் கொடுக்கும் சாம்பிளாலும் பணத்தாலும்தான். ஸ்க்வாடில் பேசி முடித்த கிரகத்துக்கே நாலு பேரும் ஓட்டுப் போடுங்கள், லாபியை மூடுவதற்குள் போட்டுவிடுங்கள், மறந்துவிடும். ஸ்டேஷன் வந்த புதிதில் அதன் குண்டுவீச்சு நம் ஆட்களையே கொன்று பெரிய புகார் ஆனது, அப்புறம் திருத்தினார்கள். அந்தப் பழைய கோபத்தில் இன்னும் ஓட்டே போடாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் இது மாறிவிட்டது என்று சொல்லுங்கள்.

நடுவில் நிலைமை மாறினால்

ஒவ்வொரு ஆபரேஷன் முடிந்ததும் மேப்பை மறுபடியும் பாருங்கள், மிஷனுக்கு நடுவில் பார்க்க வேண்டாம். நடுவில் புதுப் படையெடுப்பு ஒன்று வந்தால் உடனே கைவிட்டு ஓடாதீர்கள், கையில் இருப்பதை முடித்துவிட்டு, மேலே சொன்ன கணக்கை இரண்டு நிமிடத்தில் போட்டுவிட்டுப் போங்கள். ஆர்டர் முடிய இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் மூன்று மிஷன் ஆபரேஷனைத் தொடங்காதீர்கள், நேரம் முடிந்த பிறகு நீங்கள் முடிக்கும் ஆபரேஷன் அந்த ஆர்டருக்கு உதவாது. கடினத்தைக் குறைத்து, குறைந்த மிஷன் உள்ள ஆபரேஷனை எடுத்து, முடித்து, நேரம் மிச்சமிருந்தால் இன்னொன்றை எடுங்கள். 98 சதவீதத்தில் நிற்கும் கிரகத்துக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது முடிந்த ஆபரேஷன்கள்தான், சின்னதாக இருந்தாலும் சரி.